அவள் பக்கத்துக் கதவு

துருப்பிடித்த ஸ்குரூவைக் கழற்ற பலம் தேவையில்லை சார். பலசாலிகள்தான் அதிகம் கெடுக்கிறார்கள்.

பழைய கார்களில் கதவுக் கீலைப் பிடித்திருக்கும் ஸ்குரூக்கள் தனி ரகம். மழையும் தூசியும் பெயிண்டும் சேர்ந்து அவற்றை இரும்போடு இரும்பாக்கி வைத்திருக்கும். நான் முதலில் தலையிலுள்ள பள்ளத்தை ஊசியால் சுத்தம் செய்வேன். எண்ணெய் விட்டு ஒரு நாள் சும்மா விடுவேன். பிறகு சூடு காட்டி, ஆறவிட்டு, லேசாகத் தட்டி, இறுக்கும் பக்கமாக ஒரு மயிரிழை திருப்புவேன். கழற்ற வந்தவன் இறுக்குவான் என்று அது எதிர்பார்த்திருக்காது. உள்ளே டிக்கென்று ஒரு சத்தம் வரும். அதற்குப் பிறகு அது நம் பேச்சைக் கேட்கும்.

என் மைத்துனனுக்கு இது ஆகாது. என் மனைவியின் தம்பி. என்னோடு பட்டறையில்தான் வேலை பார்த்தான். எதற்கெடுத்தாலும் சுத்தியலைத் தூக்குவான் என்பதால் எல்லோரும் அவனைச் சுத்தி என்றே கூப்பிடுவார்கள்.

“நீங்க தாலாட்டுப் பாடி முடிக்கறதுக்குள்ள இந்தக் கார் இன்னும் பழசாயிடும் மாமா.”

“ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கணும்டா.”

“எனக்குப் பசிக்குதே.”

நல்ல பையன். அவன்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் இழுத்துவந்து வெளியே போட்டிருக்கிற பச்சைக் கார் அவனுடையது. பழைய இரும்பு விலைக்கு வாங்கி, வேலை இல்லாத நேரங்களில் இரண்டு பேருமாகச் சரிசெய்தோம். ஓட்டுபவர் பக்கத்துக் கதவை நான் பார்த்தேன். மறுபக்கம் அவன். அவன் கைபட்டுப் பள்ளம் வழுக்கிப்போன ஸ்குரூக்களைத் துளை போட்டு எடுத்தான், புதியவற்றை முடுக்கினான். பள்ளங்கள் திசைக்கொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தன. நான் முடுக்கினால் எல்லாப் பள்ளமும் செங்குத்தாக நிற்கும். அப்போதுதான் தண்ணீர் தேங்காமல் வழியும். அவனிடம் அதைச் சொன்னதற்கு, “ஸ்குரூ என்ன அணிவகுப்பா நடத்தப் போகுது?” என்றான். பட்டறையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

என் மனைவியைப் பற்றிக் கேட்டீர்கள். வீட்டில் அவளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. கடை கண்ணிக்கு நானே போய்வருவேன். போன் வந்தால் நானே பேசுவேன். வெளியே போகும்போது பூட்டிக்கொண்டு போவேன். அந்தத் தெரு அப்படி. ஒருமுறை அவள் மணிக்கட்டு பிசகியது. பட்டறையில் பிடிக்கிற பிடியை வீட்டிலும் பிடித்துவிட்டேன். கட்டும் நானேதான் போட்டேன். நன்றாக, இறுக்கமாக.

சுத்தி அந்தக் கட்டைப் பார்த்துவிட்டான். அன்றைக்கு அவன் கிண்டல் எதுவும் செய்யவில்லை.

“அக்கா என்கூட வரட்டும் மாமா.”

“எத்தனை நாளைக்கு?”

“அதை அக்காதான் சொல்லணும்.”

அவளைப் பார்த்தேன். தரையைப் பார்த்தபடியே, “நான் போறேங்க,” என்றாள். என்னைக் கேட்காமல் அவள் எடுத்த முதல் முடிவு அதுவாகத்தான் இருக்கும்.

“தாராளமா போயிட்டு வா,” என்றேன். “வண்டியை மட்டும் ஒரு தடவை பார்த்துடறேன். தூர வழி.”

மறுநாள் மதியம் சுத்தி சாப்பிடப் போனபோது, அவள் உட்காரப்போகிற பக்கத்துக் கீல்களில் கைவைத்தேன். ஒரு ஸ்குரூ மட்டும் மரை கோணலாக ஏறி இறுகிக் கிடந்தது. சுத்தியாக இருந்தால் தலையை உடைத்திருப்பான். நான் சூடு காட்டினேன், காத்திருந்தேன், ஒரு மயிரிழை இறுக்கினேன். வந்துவிட்டது. ஒவ்வொன்றிலும் தண்டை அறுத்துவிட்டுத் தலையை மட்டும் பசை போட்டு அதனதன் இடத்தில் ஒட்டினேன். கீலுக்கு ஒன்றை மட்டும் விட்டுவைத்தேன், அதுவும் ஒப்புக்கு. மேலே பச்சைப் பெயிண்ட் தொட்டேன். மெதுவாகத் திறந்து மூடினால் கதவு நிற்கும். வேகத்தில் காற்று உள்ளே நுழைந்தால் நிற்காது.

அவர்கள் கிளம்பியபோது அவள் பக்கத்துக் கதவை நானே சாத்திவிட்டேன்.

பாலத்துக்கு முந்தைய வளைவில் கதவு பிய்த்துக்கொண்டு போனது. அவளும் அதோடு போனாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் சுத்தி என் காலைக் கட்டிக்கொண்டு, “நான் மாட்டின கதவு மாமா, நான்தான் மாமா அக்காவை…” என்று அழுதான். முதுகைத் தடவிக்கொடுத்தேன். “அழாதேடா, அவசரக்காரன் கை அப்படித்தான்,” என்றேன். நீங்கள் அவனைப் பிடித்துக்கொண்டு போனபோதும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஸ்குரூ தலைகளை நீங்கள் பார்ப்பீர்கள் என்று தெரியும். அவற்றின் பள்ளங்கள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கின்றன என்று பார்ப்பீர்கள் என நினைக்கவில்லை. அத்தனையும் செங்குத்து. கோணல்மாணலாக ஒட்டத்தான் நினைத்திருந்தேன். கை கேட்கவில்லை.

சுத்திக்குப் பாடம் புகட்டத்தான் செய்தேன் என்று முதலில் சொன்னேன். அப்படியானால் அவன் பக்கத்துக் கதவை ஏன் தொடவில்லை என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. ஓட்டுகிறவன் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பான், கதவில் சாய மாட்டான். அவள்தான் கார் கிளம்பினாலே கதவில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுவாள். பழைய வண்டியில் பெல்ட்டும் கிடையாது. எல்லாம் தெரிந்துதான் செய்தேன். சுத்தியை விட்டுவிடுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். பார்வையாளர் நேரம் முடிவதற்குள் என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போங்கள். கழுத்துக்குக் கீழே அவளுக்கு அசைவில்லை. பேச்சும் வரவில்லை. தினமும் நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து கரண்டியால் ஊட்டப் பார்க்கிறேன். நர்ஸ் ஊட்டினால் வாயைத் திறக்கிறாளாம். நான் போனால் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறாள். இன்னும் வீட்டுக்குக் கூட்டிப்போகவில்லையே என்ற கோபம்தான், வேறொன்றும் இல்லை.