லிங்கனில் ஒரு வகுப்பு

ஜோலின்: ...அதெல்லாம் விடும்மா. கிளாஸ் எப்படி இருந்துச்சு, அதைச் சொல்லு.

மார்லிஸ்: மொதல்ல மேட்ச் என்னாச்சுடி?

ஜோலின்: தோத்துட்டோம். வாலிபால்ல எங்க ஸ்கூல் எப்ப ஜெயிச்சிருக்கு? நீ லிங்கன் ஊர்க் கதைக்கு வா. லேப்டாப் இல்லாத கிளாஸு. நெஜ மனுஷங்க.

மார்லிஸ்: ம்... பெரிய ஹால். வரிசையா மேஜை. ஒருத்தர் அடிபட்ட மாதிரி படுக்கணும், இன்னொருத்தர் கழுத்து அசையாமப் பிடிக்கணும்.

ஜோலின்: இத்தனை வருஷமா பழகறேன்னு என் கழுத்தைத்தானே பிடிச்ச.

மார்லிஸ்: உன்னுது கோழிக் கழுத்து. இன்னிக்கு எனக்குக் கெடச்சவரு ஃபுட்பால் டீம் ட்ரெய்னர், கழுத்து மரம் மாதிரி. சொல்லிக்குடுக்கற அம்மா வந்து என் கை மேல கை வெச்சு, "கொஞ்சம் கீழ, மார்லிஸ்"னாங்க. வீடியோ அப்படிக் கையைப் பிடிச்சு நகத்தாதுல்ல...

ஜோலின்: அழுதியா?

மார்லிஸ்: சேச்சே.

ஜோலின்: அழுதிருப்ப. ட்ரெய்னர் லைசென்ஸ் புதுப்பிக்கணும்னு டீம் பஸ்ல, சமையக்கட்டுல, எங்க பாத்தாலும் அந்த வீடியோதான். போன வருஷம் கெளம்பின, ஸ்கூல் டீம்ல அடிபட்டவங்களைப் பாக்க உனக்குப் பதிலா ஆள் கிடைக்கல. அதுக்கு முந்தி பனி, ரோட்டை மூடிட்டாங்க. அதுக்கும் முந்தி எனக்குக் காய்ச்சல்.

மார்லிஸ்: நல்லா ஞாபகம் வெச்சிருக்க. ஆமா, ஏன் குரல் இவ்ளோ கம்மியா இருக்கு?

ஜோலின்: லைட்டை அணைச்சுட்டுப் படுத்திருக்கேன்.

மார்லிஸ்: இந்நேரத்துலயா?

ஜோலின்: கண்ணு கூசுது... தூக்கம். தூக்கம் வருதும்மா. பக்கத்து வீட்டு ரெனாட்டா வேற பன்னு சுட்டு எடுத்துட்டு வந்தாங்க. வந்தவங்க போகவே மாட்டேங்கறாங்க, கீழ உக்காந்து ஸ்வெட்டர் பின்னிக்கிட்டிருக்காங்க.

மார்லிஸ்: தலைல அடிபட்டுச்சா?

ஜோலின்: இல்ல.

மார்லிஸ்: ஜோலின்.

ஜோலின்: எங்க டீம் கேட்டியோட முழங்கை லேசாப் பட்டுச்சு... அவ்ளோதான். உனக்குப் பதிலா வந்த டுவேன் செக் பண்ணிட்டாரும்மா. ஒத்தக் கால்ல நின்னேன். மாசத்தையெல்லாம் தலைகீழாச் சொன்னேன். அவர் சொன்ன அஞ்சு வார்த்தையும் திருப்பிச் சொன்னேன்.

மார்லிஸ்: எந்த அஞ்சு?

ஜோலின்: ஜன்னல், வெண்ணெய், குதிரை, சாவி, மழை.

மார்லிஸ்: அது நான் ஸ்கூல் ரூம்ல ஒட்டி வெச்சிருக்கறதுடி. உன்னை உக்கார வெச்சுத்தான் அதைப் பழகினேன். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவ. இப்ப வேற சொல்றேன். ஏணி, பால், கிணறு, தொப்பி, ரயில். சொல்லு.

ஜோலின்: ஏணி... அம்மா, நாளைக்குத்தானே தோள்பட்டை கிளாஸ்? நீ ரொம்ப ஆசைப்பட்டியே...

மார்லிஸ்: சொல்லு கண்ணு.

ஜோலின்: ஏணி. பால். அப்புறம்... வரல. வர மாட்டேங்குது. பயமா இருக்கும்மா.

மார்லிஸ்: தெரியும். மூச்சை விடு. வாந்தி வந்துச்சா? தலைவலி கூடுதா?

ஜோலின்: இல்ல. அப்படியேதான் இருக்கு. சொன்னா நீ திரும்பி வந்துடுவ... எப்பப் பாரு, நான்தான் குறுக்க வர்றேன்.

மார்லிஸ்: லூசு மாதிரி பேசாத. டுவேன் ஒண்ணும் ஏமாறல. அவர் சொல்லி முடிக்கறதுக்குள்ள நீ திருப்பிச் சொல்லிட்டியாமே. சந்தேகப்பட்டு அப்பவே எனக்குப் போன் போட்டுட்டாரு. ரெனாட்டாவை உக்காத்தி வெச்சது நான்தான். தலைவலி கூடுச்சுன்னா, வாந்தி வந்துச்சுன்னா உடனே அவங்களைக் கூப்பிடு, வண்டி ரெடியா நிக்குது. இல்லைன்னா காலைல டாக்டர்.

ஜோலின்: நெசமாவே கொஞ்சம்தான் வலிக்குது... அம்மா, அது என்ன சத்தம்? லாரியா? நீ எங்க இருக்க?

மார்லிஸ்: பெட்ரோல் பங்க்ல. பாதி தூரம் வந்துட்டேன்.

ஜோலின்: பாதி தூரமா? அப்ப சாயங்காலக் கிளாஸ் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கெளம்பிட்டியா?

மார்லிஸ்: போனைக் கீழ வெச்சுட்டுக் கண்ணை மூடு. கண்ணுக்கு வெளிச்சம் ஆகாது.

ஜோலின்: இரும்மா. அந்த மரம் மாதிரி கழுத்து? உன் கை மேல கை வெச்சாங்கன்னியே, அந்த அம்மா?

மார்லிஸ்: ...ஹால் வாசல் வரைக்கும் போனேன்டி, அப்பதான் டுவேன் போன் வந்துச்சு. மேஜையெல்லாம் போட்டிருந்தாங்க, அது நெசம். மிச்சமெல்லாம்... வர்ற வழியெல்லாம், அப்படித்தான் இருந்திருக்கும்னு நெனச்சுக்கிட்டே வந்தேன்.