கூடம் நிறைய ஆள்

கூட்டம் நடத்துகிறவன் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது நாற்காலிகளைக் குறைப்பது. பத்துப் பேர் வந்தாலும் கூடம் நிறைந்த மாதிரி இருக்கும். என் பிழைப்பு அதுதான், ஐயா. தடய அறிவியல் ஆய்வகத்தில் கண்டுபிடிப்பதைச் சாதாரண ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும். வருகிறவர்களில் பாதிப் பேர் டீ குடித்துவிட்டு நழுவிவிடுவார்கள். அதற்கெல்லாம் நான் கோபப்பட்டதில்லை.

என் மச்சான், மனைவியின் தம்பி, சிறைக்குப் போன பிறகுதான் கோபம் வந்தது. அவன் வேலை பார்த்த பட்டறையின் முதலாளியை யாரோ கொன்றுவிட்டார்கள். செத்தவரின் சட்டைக் காலரில் மச்சானின் தோல் துகள் இருந்தது. தீர்ப்புக்கு அதுவே போதுமாக இருந்தது. பட்டறையில் எல்லோருக்கும் கை துடைக்க ஒரே துண்டுதான் என்று அவன் தலைதலையாக அடித்துக்கொண்டான். யார் கேட்டார்கள்?

எங்கள் ஆய்வகத்து விஞ்ஞானி டாக்டரம்மா அதைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒருவர் துடைத்த துண்டை இன்னொருவர் தொட்டால், முதல் ஆளின் துகள் அந்தக் கைவழியே போய் மூன்றாவது இடத்தில் உட்கார்ந்துவிடும். நீங்கள் தொடாத பொருளிலும் உங்கள் தடயம் இருக்கலாம். வானொலியில் சொன்னேன், கல்லூரிகளில் சொன்னேன், வக்கீலிடம் கெஞ்சினேன். "நல்லா சுவாரசியமா இருக்கு சார்" என்றார்கள். மச்சான் உள்ளே இளைத்துக்கொண்டே போனான். ஒரு நாள் மனைவி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு, "ஊருக்கெல்லாம் விளக்குறீங்க. என் தம்பிக்காக ஒருத்தருக்குப் புரிய வைக்க முடியலையா?" என்றாள். எனக்குத் தாங்கவில்லை.

ஜனங்களுக்கு விளக்கம் பிடிக்காது, உதாரணம்தான் பிடிக்கும். ஊரே பார்க்க மேடையில் நிற்கிற ஒருவரின் தடயம், அதே நேரத்தில் வேறெங்கோ நடந்த கொலையில் கிடைத்தால்? ஆய்வகத்து ஆட்கள் எல்லோருடைய தடயமும் பதிவில் இருக்கிறது, ஆளைக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. டாக்டரம்மாவின் உரைக்கு நானே நாள் குறித்தேன். ஒத்திகையில் அவர் முகம் துடைத்த துண்டை எடுத்து வைத்துக்கொண்டேன்.

"ஆளு வருவாங்களா? எனக்குப் பதட்டமா இருக்கு" என்றார்.

"நிரம்பி வழியும் மேடம். நீங்க பேசுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்."

அன்று சாயங்காலம் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு நான் கூடத்துக்குப் போகவில்லை. எங்கள் கீழ் வீட்டில் ஒரு பெரியவர் தனியாக இருந்தார். பிள்ளை குட்டி கிடையாது, சீக்காளி. என்னைப் பார்த்தால் "வாங்க பேராசிரியரே" என்று கிண்டல் செய்வார். அன்றும் அப்படித்தான் கதவைத் திறந்தார். கையுறை எதற்கு என்று கேட்டார். ஆய்வக வேலை என்றேன். தலையணை அவருடையதுதான். அவர் என்னை அதிகம் சிரமப்படுத்தவில்லை. பிறகு அந்தத் துண்டால் தலையணை உறையையும் அவர் மணிக்கட்டுகளையும் நிதானமாகத் துடைத்தேன்.

நீங்கள் டாக்டரம்மாவைப் பிடிப்பீர்கள், கூடம் முழுக்க எழுந்து அவருக்குச் சாட்சி சொல்லும், மச்சானின் வழக்கைத் திரும்ப எடுப்பார்கள் என்று கணக்குப் போட்டேன். ஆனால் அன்று கூடத்துக்கு ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. காவலாளிகூடக் கதவைத் திறந்துவிட்டுப் போய்விட்டாராம். அந்த அம்மா காலி நாற்காலிகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவமானத்தில் யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குப் போயிருக்கிறார். அவர் எங்கே இருந்தார் என்று சொல்ல இப்போது ஒரு ஆள் இல்லை.

காலையிலிருந்து நான் உண்மையைச் சொல்கிறேன். நீங்களோ, தடயம் உன்னுடையது இல்லையே, வீட்டுக்குப் போ என்கிறீர்கள். கையெடுத்துக் கும்பிடுகிறேன், நம்புங்கள். அந்த அம்மா அந்த வீட்டு வாசலை மிதித்ததே இல்லை. நான்தான் கொன்றேன்.

அந்த அம்மாவின் வழக்கு விசாரணை நாளில் நீதிமன்றத்தில் நிற்க இடம் இருக்காது என்று பேசிக்கொள்கிறார்கள். பெரியவர் விஷயத்தை இரண்டே வரியில் முடித்துவிடுகிறேன். மீதி நேரத்தை எனக்குக் கொடுங்கள், குழந்தைக்கும் புரிகிற மாதிரி விளக்குகிறேன். நாற்காலிகளை மட்டும் இந்தத் தடவை குறைக்க வேண்டாம்.