சத்தமில்லாத சோதனை

சின்னக் கம்பெனிக்காரர்கள் யாராவது என்னைப் பார்க்க வந்தால் நான் அவர்களைக் காத்திருக்க வைப்பதில்லை. எங்கள் அலுவலகத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். வரவேற்பறை சோபாவின் நுனியில் உட்கார்ந்து, பையைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கும் அந்த முகங்களைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. நானே இறங்கிப் போய் அழைத்து வருவேன்.

நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. சோதனையில் தோற்றது என்று நானே எழுதிய கருவியை, பிறகு ஏன் தொழிற்சாலை முழுவதற்கும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன் என்று. நல்ல கேள்வி. அந்தக் காகிதங்களில் எத்தனையோ பேர் கையெழுத்துப் போட்டார்கள், ஒருவருக்கும் அது தோன்றவில்லை. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், சொல்கிறேன்.

என் வேலை கொள்முதல். எதை யாரிடம் வாங்குவது என்று முடிவு செய்வது. சில வருடங்களுக்கு முன் மேலிடம் அந்தச் சொல்லுக்கு முன்னால் 'பொறுப்பான' என்று சேர்த்தது. ஸ்டார்ட்அப்காரர்களின் கண்டுபிடிப்புகளைச் சோதித்து எடுத்துக்கொள்ளும் வேலையையும் என் தலையில் கட்டியது. அப்படி வந்தவள்தான் அந்தப் பெண். மாமியார் வீட்டு அடுப்படியில் பாதியைப் பிடித்துக்கொண்டு, தம்பியோடு சேர்ந்து தீப்பெட்டி அளவில் ஒரு கருவி செய்திருந்தாள். தொழிற்சாலைத் தொட்டிக்குள் இறங்கிக் கசடு அள்ளுகிறவர் அதைச் சட்டைக் காலரில் மாட்டிக்கொள்ள வேண்டும். உள்ளே காற்று கெட்டால் அது கத்தும்.

"இதுவும் போணியாகலேன்னா அடுப்படியைக் காலி பண்ணிடுன்னு மாமியார் சொல்லிட்டாங்க சார்" என்று சிரித்தாள். எனக்கு அவளைப் பிடித்திருந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்களிடம் ஏற்கெனவே ஒரு ஏற்பாடு இருந்தது. தொட்டியின் வாயில் ஒரு பெட்டி. பச்சை விளக்கு எரிந்தால் உள்ளே இருக்கலாம், சிவப்பு எரிந்தால் ஏறிவிட வேண்டும். அதை வாங்கியவனும் நான்தான்.

முதல் சோதனையிலேயே அவள் கருவி கத்தியது. நான் படியிறங்கி ஓடி, ஆளை வெளியே கொண்டுவரச் சொல்லிக் கூச்சல் போட்டேன். வேலை நின்றது. காற்றை அளந்து பார்த்தார்கள், ஒன்றுமில்லை. மூடியெல்லாம் திறந்து காற்றாடி போட்ட பிறகு அளந்தால் என்ன இருக்கும்? பெட்டியில் பச்சை எரிந்துகொண்டே இருந்தது. ஒர்க்ஸ் மேனேஜர் எல்லார் முன்னாலும் கேட்டார்: "என்ன சார், ஃபயர் சர்வீஸ்ல சேர்ந்துட்டீங்களா? அடுத்த தடவை வரும்போது ஹோஸ் பைப்பையும் தூக்கிட்டு வாங்க." அதன் பிறகு கேன்டீனில் என் பெயர் 'தீயணைப்பு'. நான் தட்டோடு போனால் வழிவிடுவார்கள், வண்டிக்கு வழிவிடுவதைப் போல. நானும் சிரித்தேன்.

அந்தக் கருவி கத்தியது சரியா தவறா என்பது மட்டும் எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. அது என்னைத் தூங்க விடவில்லை.

அதனால் இரண்டாவது சோதனையைச் சத்தமில்லாமல் நடத்தினேன். இது பல இடங்களில் உள்ள வழக்கம்தான். புதுக் கருவி கத்தாது, விளக்கு எரியாது. என் ஃபோனுக்கு மட்டும் செய்தி அனுப்பும். அதைப் பார்த்து யாரும் எதுவும் செய்யக் கூடாது. பிறகு பெட்டியோடு ஒப்பிட்டு, எது சரி என்று முடிவு செய்வோம். கம்பெனித் தகவல் வெளியே போகக் கூடாது என்பதால் அந்தப் பெண்ணுக்கும் செய்தி போகாது.

"ஆள் உள்ள இருக்கும்போது சத்தத்தை நிறுத்தணுமா சார்?" என்று கேட்டாள்.

"பெட்டி இருக்கேம்மா. இத்தனை நாள் அதுதானே பாத்துக்கிச்சு?"

கருவியை எடுத்து மேசை மேல் வைத்தாள். பிறகு தன் கையாலேயே சத்தத்தை நிறுத்திக் கொடுத்தாள்.

தொட்டியில் இறங்குகிறவரைப் பாட்டுக்காரர் என்பார்கள். உள்ளே வேலை செய்யும்போது எதையாவது முனகிக்கொண்டே இருப்பார், இரும்புச் சுவரில் பட்டு அது கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல மேலே வரும். அவள் கருவியை மாட்டிவிட்டபோது குனிந்து பார்த்தார்.

"ஏம்மா, இது வாயே திறக்காதா?"

"இப்போதைக்கு இல்லண்ணே. சாரோட ஃபோனுக்கு மட்டும் சொல்லும்."

"வாய் திறக்காத ஒண்ணை இப்பத்தான் கழுத்துல கட்டிக்கிறேன். என் பொண்டாட்டிகிட்ட சொல்லிடாதே, பொறாமைப்படுவா" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஃபோனை சைலன்ட்ல போட்டுடாதீங்க சார்" என்றார். எல்லாரும் சிரித்தோம்.

நான் சைலன்டில் போடவில்லை. இது முக்கியம்.

அன்று பிற்பகல் செய்தி வந்தது. என் அறையின் கண்ணாடிக்கு நேர் கீழே அந்தத் தொட்டி. ஃபோனில் கெட்ட காற்றின் அளவைக் காட்டும் கோடு ஏறிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தேன், பெட்டியில் பச்சை. மேலே கயிறு பிடித்து நின்றவர் பெட்டியைப் பார்த்தபடி நகம் கடித்துக்கொண்டிருந்தார். இரண்டையும் ஒரே சமயத்தில் பார்க்கும் வாய்ப்பு வேறு யாருக்கும் கிடைத்திருக்காது. பெட்டி இப்போது சிவப்பாகும், இதோ ஆகிவிடும் என்று காத்திருந்தேன். இரண்டு சப்ளையர்களுக்கும் பொதுவாக நடந்துகொள்ள வேண்டும் அல்லவா? ஜன்னலைக் கொஞ்சம் திறந்தேன். பாட்டு கேட்டது. பிறகு கேட்கவில்லை. கோடு இன்னும் ஏறியது. பெட்டி பச்சையாகவே இருந்தது. கயிறு பிடித்தவர் குனிந்து கூப்பிட்டார், மறுபடி கூப்பிட்டார், பிறகு அலறினார். அந்த அலறல் கேட்ட பிறகுதான் நான் ஜன்னலை மூடினேன்.

ஃபோனில் இருந்ததை அழித்தேன். செய்தி வந்தது என்றால், யார் பார்த்தார்கள் என்ற கேள்வி வரும்.

அடுத்த நாள் அந்தப் பெண் வந்தாள். அன்றும் நானே இறங்கிப் போய் அழைத்து வந்தேன். "சார், ஃபோனுக்கு ஏதாவது வந்துச்சா?" என்று கேட்டாள். "வரலை" என்றேன். மொத்தத்தில் நான் சொன்ன பொய் அந்த ஒரு வார்த்தைதான். மீதியை எல்லாம் அவளே சொல்லிக்கொண்டாள். கருவியைப் பிரித்து என் மேசை மேல் பரப்பினாள். எங்கே பழுது என்று தேடினாள். இல்லாத பழுதை ஒருத்தி எவ்வளவு கவனமாகத் தேடுகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில், இரும்புச் சுவரின் கனத்தைத் தாண்டிச் செய்தி வெளியே வந்திருக்காது, அதை யோசிக்காமல் விட்டது தன் தப்பு என்றாள். நான் தலையாட்டினேன். கருவி சோதனையில் தோற்றது என்று அறிக்கையில் எழுதினேன்.

பாட்டுக்காரர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கச் சொன்னதும் நான்தான். பொறுப்புள்ள சப்ளையர் அப்படித்தான் செய்வார் என்றேன். போனாள். அந்த அம்மா வாசலிலேயே நிறுத்தி, "உன் பொம்மையை நம்பியா எம் புருஷனை உள்ள அனுப்பினே?" என்று கேட்டதாக அவள் தம்பி சொன்னான். அதோடு கம்பெனியை மூடிவிட்டார்கள். அடுப்படி மாமியாருக்கே திரும்பிவிட்டது. இப்போது எங்கேயோ ஒரு கடையில் பில் போடுகிறாளாம். சுவிட்ச் போடக்கூட வேறு யாரையாவது கூப்பிடுகிறாளாம். அவ்வளவு திறமை வீணாவதில் எனக்கு வருத்தம்தான்.

மூடிய கம்பெனியின் வடிவமைப்பை எங்கள் கம்பெனி எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதினேன். இதற்குத்தான் நீங்கள் பதில் கேட்டீர்கள். அந்தக் கருவி துளியும் பிசகாமல் வேலை செய்கிறது என்று உலகத்திலேயே எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். தெரிந்தும் வாங்காமல் இருப்பது பொறுப்பாகுமா? இப்போது ஒவ்வொரு தொட்டியிலும் அது இருக்கிறது. கத்துகிறது. ஆட்கள் ஏறி வருகிறார்கள்.

அன்று ஜன்னலிலிருந்து ஒரு குரல் கொடுத்திருந்தால் பாட்டுக்காரர் பிழைத்திருப்பாரா என்று அடுத்துக் கேட்பீர்கள். பிழைத்திருப்பார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஏறி வந்து, என்னைப் பார்த்து ஏதாவது கிண்டலும் செய்திருப்பார். ஆனால் உள்ளே காற்று உண்மையாகவே கெட்டிருந்ததா என்பது அந்தத் தடவையும் தெரியாமலே போயிருக்கும்.