இரண்டு அல்ல, சுழி

மேடையில் அமர்ந்திருக்கும் தலைவர் கனகரத்தினம் ஐயா அவர்களே, முன்வரிசையில் இருக்கும் பூரணி மிஸ்ஸின் அண்ணன் பாக்கியரத்தினம் ஐயா அவர்களே, மிஸ்ஸின் மகள் கீர்த்தனி, ஓர்ஸ் ஹில் அயலவர்களே, நிலாவெளியிலிருந்து காலை பஸ்ஸில் வந்து கதிரை இல்லாமல் நின்றுகொண்டிருக்கும் தாய்மாரே, சகோதரர்களே! உங்கள் எல்லோருக்கும் வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

இதே மண்டபத்துக்கு, இதே ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் வேறொரு காரியத்துக்காக அல்லவா வர இருந்தோம்? இந்த மைக்கில் இன்றைக்குப் பேச வேண்டியவர் பூரணி மிஸ் அல்லவா? அவருடைய பேச்சைக் கேட்டுக் கைதட்ட வர இருந்தவன் நான். அவருக்கு இரங்கல் சொல்ல என்னை ஏற்றி விட்டிருக்கிறீர்கள். இது என்ன அநியாயம்! இன்னும் என் மனம் இதை ஏற்கவில்லை. நேற்றுக்கூட அச்சகத்து வாசலில் சைக்கிள் மணி கேட்டபோது, மிஸ் வந்துவிட்டார் என்று எழும்பிப் போனேன்.

என் பெயர் றுவைஸ். பஸ் நிலையத்துக்குப் பின்னால் அச்சகம் வைத்திருக்கிறேன். எனக்கு மேடைப் பேச்சு வராது. ஆனால் ஒரு விஷயம் எனக்கு மட்டும் தெரியும். அதைச் சொல்லாமல் இந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்றைக்குச் சொல்லப் போகிறேன். அதற்கு முன், மிஸ் யார் என்பதை இளம் பிள்ளைகளுக்காக இரண்டு வார்த்தை.

நில அளவைத் திணைக்களத்தில் முப்பத்தொரு வருடம் வரைபடம் வரைந்தவர் திருமதி பூரணி. கடல் வந்து நிலாவெளியை அள்ளிக்கொண்டு போன வருடத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். வேலி இல்லை, எல்லைக்கல் இல்லை, எந்த வளவு யாருடையது என்று தெரியாது. மிஸ் என்ன செய்தார்? "கிணத்தைக் கடல் தூக்கிக்கொண்டு போகேலாது" என்றார். மண்ணை விலக்கிக் கிணறுகளைத் தேடினார். பழைய வரைபடத்தில் ஒவ்வொரு கிணறும் இருந்தது. கிணற்றிலிருந்து அளந்து அளந்து, நாற்பது குடும்பத்துக்கு அவரவர் மண்ணைக் காட்டிக் கொடுத்தார். அந்தக் குடும்பங்கள்தான் பின்னால் நிற்கின்றன.

அளவு என்று வந்தால் அவருக்கு உற்றார் உறவினர் கிடையாது. பாக்கியரத்தினம் ஐயா கோபிக்கக் கூடாது. ஐயாவின் வேலி பக்கத்து வளவு ஜமால்தீன் நானாவின் பக்கம் இரண்டு அடி போயிருக்கிறது என்று முதலில் சொன்னவர் யார்? ஜமால்தீன் நானாவா? இல்லை. அவருக்கு அது தெரியவே தெரியாது! சொன்னவர் ஐயாவின் சொந்தத் தங்கச்சி. ஐயா ஆறு மாதம் மிஸ்ஸோடு கதைக்கவில்லை. ஏழாம் மாதம் வேலியைப் பிடுங்கி நட்டார்.

அப்படிப்பட்டவருக்கு ஓய்வு பெற்ற பிறகு ஒரே ஒரு ஆசை இருந்தது. அவருடைய பூட்டன் மயில்வாகனம்!

வெள்ளைக்காரத் துரைமார் ஓர்ஸ் ஹில் சரிவில் ஒன்பது குழி வெட்டிக் கோல்ஃப் விளையாடிய காலம். மயில்வாகனம் அவர்களுக்குப் பை சுமந்தவர். 1909 ஆம் வருடச் சம்பியன் போட்டியன்று, அவர் பை சுமந்த துரைக்குக் காய்ச்சல். எனக்குப் பதிலாக இவன் அடிக்கட்டும் என்று அந்தத் துரை சொல்லிவிட்டார். மயில்வாகனம் ஒன்பது குழியும் அடித்து முடித்தார். இந்த விளையாட்டில் பந்தைக் குறைந்த தடவை அடித்து, குறைந்த அடியில் முடிப்பவர்தான் வென்றவர். சங்கம் அச்சிட்ட பட்டியலில் முதலாவதாக ஒரு கப்டன், நாற்பத்தொரு அடி. இரண்டாவதாக இன்னொரு துரை, நாற்பத்து நாலு அடி. மயில்வாகனத்தின் பெயர் எங்கே? இல்லை! கடைசியில்கூட இல்லை!

வீட்டு அலுமாரியில் மயில்வாகனத்தின் சின்னக் கொப்பி கிடைத்தது. தமிழ் இலக்கத்தில், ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக, எத்தனை அடி என்று எழுதி வைத்திருந்தார். மிஸ் அதற்காகவே தமிழ் இலக்கம் படித்தார். கூட்டினார். நாற்பது! கப்டனை விட ஒன்று குறைவு! "என்ர பூட்டன் வெண்டவர், றுவைஸ்! நூறு வருஷமா எங்கட வீட்டில சொன்ன கதை உண்மை!" என்று என் அச்சகத்துக்குள் ஓடி வந்தார். அறுபத்தெட்டு வயதில் ஓடி வந்தார்! அப்படி ஒரு சந்தோஷத்தை அந்த முகத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். எந்தக் குழி இப்போது எங்கே என்று அளந்தார். ஆறாவது குழி நம் தலைவரின் குசினிக்குள் வந்தது. தலைவர் அன்றைக்கு அடுப்பைத் தள்ளி வைத்து இடம் விட்டார். முதலாம் குழி தொடங்கிய இடத்தில் ஒரு பலகை. "வென்றும் மறைக்கப்பட்டவர் மயில்வாகனம்" என்று வாசகம். அச்சடிப்பவன் நான். திறப்பு விழா இன்றைக்கு நடக்க இருந்தது.

இனித்தான் நான் சொல்ல வந்தது.

போன திங்கட்கிழமை பின்னேரம், பலகையில் படமாகப் போடுவதற்காக மிஸ் அந்தக் கொப்பியை முதன்முதலாக என் கையில் தந்தார். நான் பார்த்தேன். முதல் வரியில் 'உ' என்று இருந்தது. தமிழ் இலக்கத்தில் அது இரண்டு. ஆனால் அது மற்ற இலக்கங்களின் நேர்வரிசையில் இல்லை. கொஞ்சம் மேலே, தாளின் நடுவில், தனியாக இருந்தது.

சபையோரே, நான் முஸ்லிம். ஆனால் வாப்பாவின் காலத்திலிருந்து இந்த ஊர் இந்துக்களின் கலியாணக் கார்ட் எல்லாம் எங்கள் அச்சகத்தில்தான். எங்கள் ஆட்களின் கார்ட்டுக்குத் தலையில் 786. உங்கள் கார்ட்டுக்குத் தலையில் பிள்ளையார் சுழி. ஆயிரம் தடவை என் கையால் வைத்த எழுத்து எனக்குத் தெரியாதா?

"மிஸ், இது ரெண்டு இல்ல. சுழி" என்றேன்.

கீர்த்தனியின் கலியாணக் கார்ட்டை, "சுழி சின்னதா இருக்கு, பெரிசாப் போடும்" என்று திருப்பி அனுப்பியவர் இதே மிஸ்! அவருடைய கண்ணுக்கு அது தப்பியது எப்படி? வெற்றியை ஆசைப்பட்டுத் தேடிய கண்ணுக்கு அது இரண்டாகத்தான் தெரிந்திருக்கிறது. மிஸ் கொப்பியை வாங்கினார். தாளைத் திருப்பினார். பின்பக்கத்தில் 'ச' என்று ஒரு எழுத்து தனியாக இருந்தது. யாரோ பேனை எழுதுகிறதா என்று பார்த்திருக்கிறார்கள் என்று அதுவரை நினைத்திருந்தாராம். தமிழ் இலக்கத்தில் 'ச' என்றால் நாலு! சுழியை விட்டால் முன்பக்கத்தில் எட்டுக் குழிதான்; ஒன்பதாவது குழி அது. இரண்டைக் கழித்து நாலைக் கூட்டுங்கள். நாற்பத்திரண்டு. மயில்வாகனம் ஒரு அடியால் தோற்றவர்.

மிஸ் எழும்பினார். "நான் வாறன் றுவைஸ்" என்று மட்டும் சொல்லி, சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். ஏறி ஓட்டவில்லை.

அடுத்த நாள் காலை, ஓர்ஸ் ஹில் சரிவில், கையில் அளவு நாடாவோடு விழுந்து கிடந்தார் என்று செய்தி வந்தது! நெஞ்சுவலி என்றார்கள். எனக்கு அப்படிக் கேட்கவில்லை. நீ சொன்ன சொல்தான் என்று கேட்டது. சபையோரே, நான் வாயை மூடியிருக்கலாம் அல்லவா? ஒரு வாரம் பொறுத்திருக்கலாம் அல்லவா? யாருக்கு என்ன நட்டம்? வீட்டில் மனைவி ஜெஸ்மினிடம்கூட நான் இதைச் சொல்லவில்லை.

முந்தாநாள் கீர்த்தனி அச்சகத்துக்கு வந்து அம்மாவின் பையைத் தந்தார். "அம்மா அண்டைக்குக் காலமை சிரிச்சுக்கொண்டுதான் போனவ அங்கிள். 'முதல் குழி நானூறு கெஜம் தூரம், ரெண்டு அடியில ஆர் போவான், என்ர நாடா அப்பவே சொன்னது, நான்தான் கேக்கேல்ல' எண்டு தன்னைத் தானே பகிடி பண்ணினவ" என்றார். பைக்குள் பலகை வாசகத்தின் அச்சுப்படி இருந்தது. சிவப்பு மையால் மிஸ் திருத்தியிருந்தார்!

நேற்று அதை பாக்கியரத்தினம் ஐயாவிடம் கொண்டு போனேன். ஐயா வாங்கிப் பார்க்கவில்லை. "வென்றவர் எண்டே இருக்கட்டும் தம்பி. செத்தவளுக்கு ஒரு மரியாதை" என்றார். ஐயாவின் துக்கம் எனக்கு விளங்குகிறது. ஆனால் ஐயா, இரண்டு அடி வேலிக்கு விட்டுக்கொடுக்காத தங்கச்சி ஒரு அடிக்கு விட்டுக்கொடுப்பாரா? இதோ அந்தத் தாள். சபைக்கு வாசிக்கிறேன்.

"வென்றும் மறைக்கப்பட்டவர்" என்பதை வெட்டி, இப்படி எழுதியிருக்கிறார்: "மயில்வாகனம். நாற்பத்திரண்டு அடி. ஒரு அடியால் தோற்று இரண்டாவதாக வந்தவர். பட்டியலில் பெயர் இல்லாதவர்." பக்கத்தில் எனக்கு ஒரு குறிப்பு: "றுவைஸ், நீர் சொன்னது நல்லதாப் போச்சு. பிழையான பலகையை நட்டுப்போட்டு நான் அந்த றோட்டால எப்பிடிப் போறது? கொப்பிப் படத்தில சுழியை மறைச்சுப் போடாதேயும். ஆராவது அதை ரெண்டு எண்டு வாசிச்சாலும் பிழையில்லை. மனிசன் ரெண்டாவதாத்தானே வந்தவர்."

நல்லதாப் போச்சு! இந்த இரண்டு சொல்லை வாசித்த பிறகுதான் நான் அழுதேன்.

ஐயா, பலகையை இதேபடி அடிப்பேன் என்று இந்தச் சபையில் வாக்குத் தருகிறேன். கொழும்பில் அந்தப் பழைய பட்டியல் இருக்கும் இடத்துக்கும், மிஸ்ஸின் கணக்கோடு, நானே போவேன். இரண்டாவது இடத்தில் அந்தப் பெயரை எழுதச் சொல்லிக் கேட்பேன். ஒரு தடவை கேட்டுவிட்டுத் திரும்பி வர மாட்டேன். ஆனால் உங்கள் குடும்பத்துச் சொல் இல்லாமல் பலகையில் ஒரு எழுத்தும் வைக்க எனக்குக் கை வராது.

என்ன ஐயா? எழும்ப வேண்டாம், இருங்கள், நான் கீழே வருகிறேன்... தாளா? இந்தாருங்கள்.

சபையோருக்குக் கேட்டிராது. தங்கச்சியின் கையெழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு ஐயா சொல்கிறார்: "சுழியைப் பெரிசாப் போடும் றுவைஸ். சின்னதாப் போட்டா அவள் திருப்பி அனுப்புவாள்."

போடுகிறேன் ஐயா.