தற்செயல் என்று எழுதிய கடிதம்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெடாஸ் கடைவீதி அப்துல் மஜீத் அவர்களே, மேடையில் இருக்கும் மேஸ்திரி, நம் மண்டோர் சன்னாசி அவர்களே, பாஸ் வாங்கிக்கொண்டு முள்கம்பி வேலியைத் தாண்டி வந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே! கதவோரம் துப்பாக்கியோடு நிற்கும் ஐயாமார்களே, உங்களுக்கும் வணக்கம். ஐந்து மணிவரை பேச அனுமதி கொடுத்திருக்கிறீர்கள். எனக்கு அவ்வளவு நேரம் வேண்டாம்.

நான் இந்த ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக் கட்டுப் போடும் டிரசர் வீரமுத்து. என் நண்பர், தோட்டத்துக் கணக்கெழுதும் நம் பெரிய கிராணி அமிர்தலிங்கம் அவர்கள், போன செவ்வாய் மாலை பெடாஸ் சாலையில் சைக்கிளில் வரும்போது குண்டு பட்டு இறந்தார். ஊரடங்குக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. சட்டைப் பையில் பாஸ் இருந்தது. ரோந்துக்காரர்கள் காட்டைப் பார்த்துச் சுட்டார்களாம், ஒரு குண்டு தவறிப்போய் அவர்மேல் பட்டதாம். அவர் மனைவி பஞ்சாலையிடம் ஒரு கடிதம் கொடுத்துக் கையெழுத்துக் கேட்டிருக்கிறார்கள். அதில் 'தற்செயலாக நேர்ந்த மரணம்' என்று எழுதியிருக்கிறது.

தற்செயல்! அமிர்தலிங்கத்தின் காதில் இந்தச் சொல்லைப் போட்டிருந்தால் சும்மா விட்டிருப்பாரா?

அவர் ஒருமுறை சிரம்பான் டவுனில் அட்டை கிழிந்த புள்ளியியல் புத்தகம் ஒன்றை வாங்கி வந்தார். ஆரம்பப் பாடம்தான். படித்து முடித்ததும் முதலில் என்மேல்தான் கை வைத்தார். என் இருமல் மருந்தைப் பற்றி நான் அடிக்கும் தம்பட்டம் உங்களுக்குத் தெரியும். எண்பது இருமல்காரர்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தார். நாற்பது பேருக்கு என் மருந்து, நாற்பது பேருக்குச் சர்க்கரைத் தண்ணீர். ஒரு வாரம் கழித்து என் பக்கம் குணமானவர் இருபத்தாறு, தண்ணீர்ப் பக்கம் இருபத்துநாலு. உடனே கை-ஸ்கொயர் கணக்குப் போட்டார். மருந்தால் பயனே இல்லையென்றால் எத்தனை பேர் குணமாவார்கள் என்று எதிர்பார்க்கலாம், நடந்தது எத்தனை, இரண்டுக்கும் உள்ள தூரம் தானாக வரக்கூடியதா? அவ்வளவுதான் அந்தக் கணக்கு.

"டிரசரே, ரெண்டு ஆளு வித்தியாசம் தானா வந்துரும்லா. உங்க மருந்தும் சக்கரத் தண்ணியும் ஒண்ணுதான்" என்றார். ஒரு மாதம் அவரோடு நான் பேசவில்லை. ஆனால் மருந்தை நிறுத்திவிட்டேன்.

அந்த மனிதர்தான் போன வருஷம் பதினோரு குடும்பங்களைக் காப்பாற்றினார். சன்னாசி மண்டோர் கேங்கில் ரப்பர் பால் குறைந்தது, மறந்துவிட்டீர்களா? மரத்தில் பால் வெட்டாமல், காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுக் காட்டுக்காரர்களுக்கு அரிசி கொடுக்கப் போகிறார்கள் என்று துரை முடிவு கட்டினார். பதினோரு பேரைத் தடுப்புக்காவலுக்கு அனுப்பப் பட்டியல் தயார். கிராணி கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. போட்டாரா?

"மூணு வாரம் குடுங்க தொர. நான் சொல்றது தப்புன்னா பன்னெண்டாவதா என் பேர எழுதிக்குங்க" என்றார்.

வேலி வாசலில் அரிசிச் சோதனை முடிந்தால்தானே நாம் வெளியே போக முடியும்? பெண்களைச் சோதிக்க இருந்தது ஒரே ஒரு பெண். சன்னாசி கேங் எப்போதும் கடைசி. அவர்கள் முதல் மரத்தில் கத்தி வைக்கும்போது வெயில் ஏறியிருக்கும். வெயில் ஏறினால் பால் இறங்காது என்பது நம் சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். தெரிந்ததைச் சொன்னால் துரை கேட்பாரா? அதனால் அமிர்தலிங்கம் வரிசையை மாற்றச் சொன்னார், வாரத்துக்கு ஒரு கேங் கடைசி. மூன்று வாரத்தின் வேலை நாள் பதினெட்டும் பால் நிறுக்கும் கொட்டகையில் தானே நின்று எழுதினார். பிறகு மாறுபாட்டைப் பகுத்துப் பார்த்தார். ஆட்களால் வந்தது எவ்வளவு, வாசலில் நின்ற வரிசையால் வந்தது எவ்வளவு, காரணமில்லாமல் அன்றாடம் ஏறி இறங்குவது எவ்வளவு? கடைசியாகப் போன கேங் எதுவோ, அந்த வாரம் அதற்குத்தான் பால் குறைந்தது. ஆட்களால் வந்த வித்தியாசம் கணக்கில் எடுக்கும்படி இல்லை.

துரை தாளைப் புரட்டிவிட்டு, தற்செயலாக இருக்கும் என்றாராம். "தற்செயலா இப்படி வர நூத்துல ஒரு வாய்ப்புகூட இல்ல தொர. சிரம்பானுக்கு அனுப்பி யார வேணும்னாலும் பாக்கச் சொல்லுங்க" என்றார் நம் கிராணி. பட்டியல் கிழிந்தது. சோதனைக்கு இன்னொரு பெண் வந்தார். அந்தப் பதினோரு பேரும் இதோ முன்வரிசையில் இருக்கிறார்கள்.

அவருக்கு நாம் செய்யப்போவது என்ன? வெறும் அழுகையா? இரண்டு வருஷமாக அந்தச் சாலையில் தவறிப்போன குண்டு பட்டவர்கள் அவரோடு இருபத்தொரு பேர். கட்டுப் போட்டவன் நான், தேதியும் நேரமும் என் நோட்டில் இருக்கிறது. பத்தொன்பது பேர் நம் லயத்து வீடுகளில் இருக்கும் ஆட்கள். அந்தச் சாலையில் நாம் மட்டுமா போகிறோம்? லாரி போகவில்லையா, துரைமார் கார் போகவில்லையா? தவறிப்போகும் குண்டுக்கு ஆள் அடையாளம் தெரியாது. அப்படியானால் இருபத்தொன்றில் நம் பங்கு எத்தனை இருக்க வேண்டும்?

திங்கட்கிழமை முதல் சாலையில் போகிறவர் வருகிறவர்களில் நம் ஆட்கள் எத்தனை, மற்றவர்கள் எத்தனை என்று எண்ணப் போகிறோம். அப்துல் மஜீத் அவர்கள் கடை வாசலில் பெஞ்சு போட்டுத் தருகிறார். காலையில் சன்னாசி, மதியம் நான். மாலை நேரத்தைத் தங்கை பஞ்சாலை தனக்கென்று கேட்டு வாங்கியிருக்கிறார்.

தற்செயல்தான் என்று கணக்குச் சொன்னால், என் மருந்தை நிறுத்தியதுபோல் வாயை மூடிக்கொள்வோம். அமிர்தலிங்கத்தின் பெயரில் பொய்க்கணக்கு எழுத மாட்டோம். தற்செயல் இல்லை என்று சொன்னால், ஐயாமார்களே, அந்தத் தாளோடு உங்கள் வாசலுக்கு வருவோம். பாஸ் வாங்கிக்கொண்டுதான் வருவோம்.

அதுவரை அந்தக் கடிதத்தில் பஞ்சாலை கையெழுத்துப் போட மாட்டார்.