நோரீனின் மடக்கு சைக்கிள்

– இழுக்காத நோரீன், இழுக்காத! அந்த ரப்பர் கிரிப்பை அப்படிப் பிடுங்கினா ஹேண்டில்பாரோட சேந்து நீயும் மல்லாந்து விழுவ.

– முப்பது வருஷமா ஒட்டிக்கிட்டு இருக்கு வெண்டல். தானா கழண்டு வருமா?

– கல்யாணத்துலேர்ந்து நாம கழண்டு வரலையா...

– ஆரம்பிச்சுட்டியா? வந்து இன்னும் கோட்டைக்கூடக் கழட்டல நான்.

– சும்மா சொன்னேன். அந்த ஹேர் ஸ்ப்ரே டப்பாவைக் கொடு.

– உன் தலைல இருக்கற நாலு முடிக்கு ஹேர் ஸ்ப்ரேயா?

– முடிக்கு இல்ல, கிரிப்புக்கு. ஓரத்துல லேசா அடிச்சா வழுக்கிக்கிட்டு வந்துடும். புதுசு மாட்டறப்பவும் இதான். காஞ்சதும் கெட்டியா பிடிச்சுக்கும். சைக்கிள் கடை நடத்தினப்போ டப்பா டப்பாவா வாங்குவேன். மருந்துக்கடைப் பொண்ணு என்னை ஒரு மாதிரி பாப்பா.

– அந்தப் பொண்ணு மட்டுமா... அட, வந்துடுச்சே!

– சொன்னேன்ல. இப்ப நிதானமா சொல்லு. என்ன செய்யணும் இந்த வண்டிக்கு? நீ ஃபோன்ல சொன்னது பாதி புரியல.

– ரெண்டே விஷயம். இந்த நேர் கம்பி வேண்டாம். உயரமா, ரெண்டு நுனியும் பின்பக்கமா வளைஞ்சு வர்ற ஹேண்டில்பார் வேணும். வாங்கிட்டே வந்துட்டேன், அந்தப் பைக்குள்ள இருக்கு பாரு. அப்புறம், கைப்பிடியைத் திருகி மாத்தற கியரைத் தூக்கிட்டு, கட்டை விரலால தள்ற லீவர் வச்சுடு.

– திருகறதுல என்ன குறை கண்ட?

– எந்தக் கியர்ல போறேன்னு குனிஞ்சு நம்பரைப் பாக்க வேண்டியிருக்கு. லீவர்னா பாக்கவே வேண்டாமாம். ஒரு தட்டு, ஒரு கியர். விரலுக்கே தெரியுமாமே.

– யாரு சொன்னா?

– ...டெஸ்.

– நம்ம பொண்ணுக்கு சைக்கிளைப் பத்தி என்ன தெரியும்? காலேஜுக்கு என் வண்டியை எடுத்துட்டுப் போய் ரெண்டாவது வாரமே திருட்டுக் கொடுத்தவ.

– பூட்டு நீ வாங்கிக் கொடுத்தது.

– ம்... சரி விடு. எங்க, ஹேண்டில்பாரைக் காட்டு.

– இந்தா.

– ...

– என்ன? பிடிக்கலையா?

– இல்ல... நல்லாத்தான் இருக்கு. நல்ல உயரம்.

– முதுகை நிமித்தி உக்காந்து ஓட்டணும்னு பிசியோதெரபிகாரி சொல்லிட்டா.

– ஓ... பிசியோதெரபிகாரி.

– ஆமா. ஏன் அப்படிப் பாக்கற?

– ஒண்ணுமில்ல. உன் உயரத்துக்கு இதைப் பிடிச்சா, போலீஸ்காரன் கையைத் தூக்கச் சொன்ன மாதிரி இருக்குமேன்னு பாத்தேன்.

– அது என் கவலை. நீ மாட்டு.

– மாட்டறேன். ஆனா லேசான வேலை இல்ல இது. கம்பி உயர்ந்தா பழைய ஒயர் எட்டாது. பிரேக் ஒயர், கியர் ஒயர், எல்லாமே புதுசு போடணும். மடக்கறப்போ ஒயர் இழுத்துக்கவும் கூடாது, தொங்கவும் கூடாது. சாயங்காலமாயிடும்.

– எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. சேலத்துல இருக்கற என் வீட்டுக்கு எப்ப வேணா திரும்பிக்கலாம், போர்ட்லண்ட்ல இருந்து ஒரு மணி நேரம்தானே... வெண்டல், நீ கைல வச்சிருக்கறது ஆறாம் நம்பர் ஆலன் கீ. அந்த போல்ட்டுக்கு அஞ்சு.

– தெரியும். வெளிச்சம் சரியில்ல.

– கராஜ் கதவு முழுசா திறந்திருக்கு.

– போர்ட்லண்ட்ல கதவைத் திறந்தா வெளிச்சமா வரும்? மேகம்தான் வரும்.

– இந்தா, இதான் அஞ்சு... ஆமா, டிரக் எங்க? இந்த கராஜை இவ்வளவு காலியா நான் பாத்ததே இல்ல.

– ரிப்பேருக்கு விட்டிருக்கேன்.

– என்ன ரிப்பேர்?

– பிரேக்கு.

– ரொம்ப நாளாவா?

– கொஞ்ச நாளா. பார்ட்டு கிடைக்கலையாம். உனக்கு எதுக்கு இப்ப டிரக் கதை? இந்தக் கம்பியை அசையாம பிடி.

– பிடிச்சிருக்கேன்... இந்தக் கீறல் எப்ப வந்துச்சு தெரியுமா? கழுத்துக்கிட்ட இருக்கே, இது.

– அஸ்டோரியா பஸ்ல. உன் பெட்டியை அந்த டிரைவர் தூக்கி எறிஞ்சானே...

– அவன் எறிஞ்சது உன்னால. சைக்கிள் ஏத்தக் கூடாதுன்னு அவங்க சட்டம். நாம ரெண்டு வண்டியையும் மடக்கிப் பெரிய சூட்கேஸ்ல வச்சுக்கிட்டு நல்ல பிள்ளையா நின்னோம். என்னடா இவ்வளவு கனம், உள்ள என்னன்னு கேட்டான்.

– 'என் மாமியார்'னேன்.

– சிரிக்காத! எங்கம்மா அப்ப உயிரோட இருந்தாங்க.

– அவங்ககிட்ட சொன்னப்போ அவங்களே சிரிச்சாங்க நோரீ. உனக்குத்தான் கோவம்.

– எனக்கும் சிரிப்புதான். காட்டிக்கல. கல்யாணம் ஆன புதுசுல ரொம்பச் சிரிச்சா உனக்குத் தலைக்கேறிடும்னு அக்கா சொல்லியிருந்தா.

– அட! அவ பேச்சைக் கேட்டியா நீ?

– கேட்டேன். கேக்காம இருந்திருக்கலாம்... கடற்கரை ரோட்டுல என்ன மழை அன்னிக்கு! பைக்குள்ள இருந்த துணிகூடச் சொட்டச் சொட்ட.

– காசு போட்டு நாமே துவைக்கற அந்த சலவைக்கடை...

– ஐயோ, சொல்லாத.

– இருந்த மொத்தத் துணியும் டிரையர்ல சுத்திக்கிட்டிருக்கு. நாம ரெண்டு பேரும் மழைக்கோட்டை மட்டும் போட்டுக்கிட்டு, பெஞ்சுல, முட்டியைச் சேத்து வச்சுக்கிட்டு...

– ஒரு பாதிரியார் உள்ள வந்தார் பாரு!

– வந்தவர் நம்மளைப் பாத்தார், டிரையரைப் பாத்தார், அப்படியே தன்னோட துவைக்காத துணி மூட்டையோட திரும்பிப் போயிட்டார். திரும்பி வரவே இல்ல.

– அதுக்கப்புறம்தான் அந்தக் கடைக்கார அம்மா சிப்பி சூப் கொண்டுவந்து கொடுத்தாங்க. அந்த மாதிரி சூப் அப்புறம் நான் குடிச்சதே இல்ல வெண்டல்.

– குளிர்ல எதுவும் ருசிக்கும்.

– இல்ல. நல்ல சூப்பு அது... இரு, இரு, இப்ப ஏன் ஒயரை மறுபடி உருவற? மாட்டி முடிச்சுட்டேல்ல?

– ரெண்டு அங்குலம் நீளமா இருக்கு. அழகா இல்ல.

– பழைய புத்தி போகல. சரி, நான் போய் சாப்பிட ஏதாவது செய்யறேன். நீ அழகு பாத்துக்கிட்டிரு.

– அடுக்களைக்கு எதுக்கு... நான் வரேன், நீ உக்காரு...

– தள்ளு மனுஷா... என்ன வெண்டல் இது? ஃபிரிட்ஜ்ல கடுகு சாஸும் பாதி வெங்காயமும்தான் இருக்கு!

– டின்னுல தக்காளி சூப் இருக்கு, மேல் அலமாரில. ரொட்டியும் சீஸும்கூட இருக்கும் பாரு. சுட்டுடு.

– இங்கிருந்து கத்தறது கேக்குதா? எப்படா கடைசியா காய்கறி வாங்கின நீ?

– முனைக்கடைல கிடைக்கறதை வாங்கிக்கறேன். நடந்தா நல்லதுதானே.

– முனைக்கடைல சிகரெட்டும் சிப்ஸும்தானே விப்பான்.

– வாழைப்பழம்கூட வச்சிருப்பான் சில நாள்.

– சனிக்கிழமை பான்கேக் சாப்பிட நீயும் உன் கூட்டாளிங்களும் கூடுவீங்களே. இன்னிக்குச் சனிக்கிழமை. போகலையா?

– அவங்க பேச்சு போரடிக்குது.

– இத்தனை வருஷமா போரடிக்கல, இப்ப அடிக்குதா?

– ரான் வந்து கூட்டிட்டுப் போறேன், கொண்டுவந்து விடறேங்கறான். நான் என்ன பார்சலா?

– ஏன், ரான் எதுக்கு உன்னைக் கூட்டிட்டுப் போகணும்?

– ...டிரக்தான் ரிப்பேர்ல இருக்கே.

– ஆமால்ல. மறந்துட்டேன்... இந்தா, சூடா இருக்கு. உக்காந்து சாப்பிடு.

– உன் கைல தீஞ்ச ரொட்டி சாப்பிட்டு எவ்வளவு நாளாச்சு!

– தீயல. முறுகல்.

– முறுகல், முறுகல்... அந்தச் சுரங்கப்பாதைக்கு முன்னாலகூட இப்படித்தான் உக்காந்து ரொட்டி தின்னோம். ஞாபகமிருக்கா?

– அதை நான் மறப்பேனா? வாசல்ல ஒரு பட்டன் இருக்கும். அமுக்கினா, உள்ள சைக்கிள் வருதுன்னு கார்காரனுக்கு விளக்கு மினுக்கும். நீ பாட்டுக்கு அமுக்கிட்டு உள்ள போயிட்ட. நான் தனியா, இருட்டுல, பின்னால மரம் ஏத்தின ஒரு லாரி உறுமிக்கிட்டு வருது...

– நீ பாடிக்கிட்டே வந்த.

– பயத்துல பாடினேன்! எப்பவும் நீ நூறடி முன்னால. சைக்கிள்லயும் அப்படித்தான், மத்ததுலயும் அப்படித்தான். ஒரு தடவை திரும்பிப் பாத்தியா?

– திரும்பிப் பாத்தா வண்டி ஆடும். அதுக்குத்தானே அந்தக் கண்ணாடி மாட்டினேன்.

– எந்தக் கண்ணாடி?

– என் ஹேண்டில்பார் நுனில, குட்டியா, வட்டமா...

– அது பின்னால வர்ற காரைப் பாக்க.

– கார் சத்தம்தான் காதுல கேக்குமே நோரீ. கண்ணாடி உனக்கு.

– இதை ஏன் நீ அப்பவே சொல்லல?

– கேட்டாத்தானே சொல்லுவேன். நீ எதையும் கேக்க மாட்ட, நான் எதையும் சொல்ல மாட்டேன். நல்ல ஜோடி.

– ...சரி, எந்திரி. ஹேண்டில்பார் எவ்வளவு சாய்வா இருக்கணும்னு பாக்கணும்ல? ஏறி உக்காரு.

– உன் வண்டி. நீ உக்காரு.

– எனக்கு இப்பத்தான் சாப்பிட்டது நெஞ்சுல நிக்குது. நீ உக்காந்து பாரு, குத்துமதிப்பா தெரியுமில்ல.

– ...சரி. சீட்டைத் தூக்கிக்கறேன். இரு... ம். கை இங்க வருது. மணிக்கட்டு வளையல.

– முதுகு?

– நிமிந்து இருக்கு.

– வலிக்குதா?

– எனக்கு ஏன் வலிக்கணும்? பிசியோதெரபிகாரி சொன்னது உனக்கு.

– ஆ... ஆமா. சும்மா கேட்டேன். லீவரைத் தள்ளிப் பாரு.

– இரு, இறங்கிக்கறேன். பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடி, பெடலைச் சுத்து... டக். டக். டக். கேட்டியா? மூணாவதுல கொஞ்சம் தயங்குது. செயின் ஏறலாமா வேண்டாமான்னு யோசிக்குது.

– எனக்கு நல்லாத்தான் கேக்குது.

– உனக்கு டிரையர் ஓடினாகூட நல்லாத்தான் கேக்கும். கழட்டி மறுபடி இழுக்கணும்.

– மறுபடியுமா?!

– அவசரமில்லன்னு நீதானே சொன்ன.

– சொன்னேன், சொன்னேன். இழு. நான் காப்பி போடறேன்... 

– பால் இல்ல.

– தெரியும். பாத்தேன்... என்ன, இப்ப திருப்தியா? ஏழு கியரும் யோசிக்காம ஏறுதா?

– ஏறுது. சொன்ன பேச்சு கேக்குது.

– அப்ப ஒரு ரவுண்டு ஓட்டிப் பாரு. தெரு முனை வரைக்கும் போயிட்டு வா.

– நானா? வேண்டாம் நோரீ.

– ஓட்டிப் பாக்காத வண்டியை வாடிக்கைக்காரங்ககிட்ட கொடுப்பியா நீ? கடைல அப்படி ஒரு நாள் செஞ்சிருக்கியா?

– ...அந்த ஹெல்மெட்டை எடு.

– இந்தா. மெதுவா. வலது பக்கமாவே போ... அங்க குழி இருக்கு!

– தெரியுது, தெரியுது!

– நேரா போ! ஆட்டாத! பிரேக் பிடிக்குதா?

– கத்தாத, தெருவே பாக்குது!

– பாக்கட்டும்! முனைல திரும்பிடு! வெண்டல்! திரும்பு! ஏய்... வெண்டல்! எங்க போற நீ?

– ...

– கடவுளே, எங்க போய்த் தொலைஞ்சான்... டெஸ்ஸுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்... வெண்டல்? வெண்டல்!

– வந்துட்டேன், வந்துட்டேன். மூச்சு வாங்குது. இரு.

– எங்க போன? முனை வரைக்கும்னுதானே சொன்னேன்! எனக்கு உயிரே போச்சு!

– ஆத்தோரப் பாதைக்கு.

– அவ்வளவு தூரமா?

– முனைல திரும்பத்தான் நினைச்சேன். காத்து முகத்துல அடிச்சுச்சு... கால் அது பாட்டுக்கு மிதிச்சுது. சரிவுல லீவரை ஒரு தட்டு தட்டினேன் நோரீ, வெண்ணெய் மாதிரி ஏறிச்சு. ஆத்துல நாரை நின்னுட்டிருந்துச்சு. ரெண்டு. ரான்கூட நாயோட வந்தான். 'அடப்பாவி, செத்துட்டன்னு நினைச்சோம்'னான். அடுத்த சனிக்கிழமை வரேன்னு சொல்லியிருக்கேன்.

– முகமெல்லாம் சிவந்திருக்கு உனக்கு. சலவைக்கடைல இருந்த மாதிரி.

– அப்ப நெத்திக்கு மேல முடி இருந்துச்சு... சரி, இருட்டறதுக்குள்ள நீ கிளம்பணும். வண்டியை மடக்கி உன் கார்ல வச்சுடட்டுமா?

– வேண்டாம்.

– ஏன்? இன்னும் ஏதாவது மாத்தணுமா?

– வெண்டல்... கோவப்படாம கேளு. டெஸ் எல்லாத்தையும் சொல்லிட்டா. உன் கண் பார்வை நடுவுல மட்டும் மங்கிட்டது, வண்டி ஓட்டற லைசென்ஸை கவர்மெண்ட்ல எடுத்துக்கிட்டது, டிரக்கை வித்தது, எல்லாம். நான் சைக்கிள்ல ஏறியே ரெண்டு வருஷம் ஆகுது, முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் தொடவே இல்ல. இது உனக்காக மாத்தினது. உன் உயரத்துக்குத்தான் கம்பி வாங்கினேன். நம்பரைப் பாக்க வேண்டாம்னுதான் லீவர். டாக்டரை டெஸ் கேட்டுட்டா. பகல்ல, ஆத்தோரப் பாதைல, மெதுவாப் போகலாம்னு சொல்லியிருக்கார். நேரா கொண்டுவந்து 'வச்சுக்கோ'ன்னா நீ வாங்கிக்குவியா? மாட்ட. அதான் பொய் சொல்லி, உன்னையே செய்ய வச்சேன்... ஏதாவது பேசேன். கோவமா?

– கோவமெல்லாம் இல்ல. காலைல அந்த ஹேண்டில்பாரைக் கைல வாங்கினப்பவே தெரிஞ்சுபோச்சு நோரீ, இது எனக்குன்னு. இது ஒரு மணி நேர வேலை... சாயங்காலம் வரைக்கும் இதை எப்படி இழுக்கறதுன்னுதான் நாள் பூரா யோசிச்சுக்கிட்டிருந்தேன்.