நான்கு பெட்டிக்கு நான்கு முகவரி

மஞ்சு விலகி மலை முகம் காட்டும் இந்த இனிய காலையிலே, நாகலூர் நூலக மன்றத்தின் தலைமை நாற்காலியில் அமர்ந்திருக்கும் தலைவி லூர்துசெல்வி அவர்களே! எஸ்டேட்டில் முப்பதாண்டு கணக்கெழுதும் ரைட்டராக இருந்து, இன்று முன்வரிசையில் மேல்துண்டோடு வீற்றிருக்கும் பெரியநாயகம் ஐயா அவர்களே! மாரமங்கலத்திலிருந்து நடந்தே வந்த பெரியோர்களே! காப்பிப் பழம் பறித்த கையோடு, கூடையை வாசலில் இறக்கிவைத்துவிட்டு வந்திருக்கும் என் தாய்மார்களே! மன்றச் செயலாளர் சிவரஞ்சனியின் வணக்கத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்.

இந்தத் தலைவியைச் சென்ற ஆண்டு இதே மன்றம் திருடி என்றது. அவரை விலக்கக் கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி. அந்த வெட்கத்தைச் சொல்லாமல் இன்றைய வெற்றியைச் சொல்ல எனக்கு வாய் வராது.

நடந்தது என்ன? ஊருக்கு வைஃபை கொடுத்தோம். நூலகம், சர்ச்சு, பள்ளிக்கூடம், பஸ் நிறுத்தம் என்று நான்கு இடத்தில் நான்கு பெட்டி. ஆசை ஆசையாய் நான்கு பெயர் சூட்டினோம்: காப்பி, மிளகு, பலா, ஆரஞ்சு! பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போதுகூட அத்தனை சண்டை வந்ததில்லை. சிரிக்காதீர்கள், ஆரஞ்சுக்கு அடம்பிடித்தவர் மூன்றாம் வரிசையில்தான் இருக்கிறார்.

கூடைக்கு ஒரு தகர வில்லை, வில்லைக்கு ஓர் எண், எண்ணுக்கு ஓர் ஆள். இது எஸ்டேட் வழக்கம். அந்த வழக்கம் நம் இரத்தத்தில் ஊறியது. அதே வழக்கப்படி உறுப்பினர் முப்பத்தெட்டுப் பேரையும் நூலகத்துக்கு வரவழைத்து, ஒவ்வொரு போனும் தான் யாரென்று வைஃபையிடம் காட்டும் முகவரியை, எண்ணும் எழுத்தும் கலந்த அந்த வரிசையை, ஐயா நோட்டில் எழுதினார். ஒரு போனுக்கு ஒரு முகவரிதானே? அப்படித்தான் நினைத்தோம்.

ஒரே மாதத்தில், நாங்கள் சோதித்துப் பார்த்த ஒரே பெட்டியான பஸ் நிறுத்தப் பெட்டியில் நோட்டில் இல்லாத முகவரிகள் மளமளவென்று முளைத்தன. யார் இவர்கள்? யார் கொடுத்தது கடவுச்சொல்லை? பஸ் நிறுத்தத்தை ஒட்டியிருப்பது யார் வீடு? லூர்துசெல்வி வீடு! அவர்தான் வெளியாட்களுக்குக் கொடுத்தார் என்று முடிவு கட்டினோம். விசாரித்தோமா? இல்லை. கை தூக்கி அவரை விலக்கினோம், கடவுச்சொல்லை மாற்றி, அவருக்கு மட்டும் சொல்லாமல் விட்டோம். எஸ்டேட் வேலைக்குப் போய்க்கொண்டே தனித்தேர்வராகப் பன்னிரண்டாம் வகுப்புக்குப் படித்தவர் அவர். பாடம் கேட்டதெல்லாம் அந்த வைஃபையில்தான். தேர்வுக்கு இருந்ததோ இருபது நாள். குழாயடிக்கு அவர் வந்தால் பேச்சு நின்றது.

அழுதாரா? அஞ்சினாரா? நேரே மன்றத்துக்கு வந்து நின்றார். தன் போன் நூலகத்தில் ஒரு முகவரியும் வீட்டருகே வேறொரு முகவரியும் காட்டுவதை அவர் கவனித்திருந்தார்.

"ஏனுங்க ரைட்டரய்யா, எல்லாரும் போன அணைச்சு வெய்ங்க. நீங்க மட்டும் உங்க போனோட எங்க ஊட்டுப் பக்கம் நடந்து வாங்க. அந்தப் பெட்டி உங்கள யாருன்னு சொல்லுதுன்னு பாத்துருவோமுங்க" என்றார்.

ஐயா முன்னே நடந்தார், பெட்டிகளில் சேரும் முகவரிகளைக் காட்டும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நான் பின்னே நடந்தேன், எனக்குப் பின்னே ஊரே நடந்தது. பஸ் நிறுத்தத்தில் நோட்டில் இல்லாத ஒரு முகவரி! சர்ச்சுப் பக்கம் இன்னொன்று! பள்ளிக்கூடத்தில் மற்றொன்று! நோட்டை எழுதியவரே நோட்டில் இல்லாத ஆளாகிப் போனார்! கைதட்டுங்கள், தட்டுங்கள், ஐயாவே தட்டுகிறார்.

போனில் கோளாறு இல்லை, தோழர்களே. இன்றைய போன், ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் தானாகவே ஒரு தனி முகவரியை உண்டாக்கிக் காட்டுகிறது. ஏன்? எங்கும் ஒரே முகவரியைக் காட்டினால், எந்தக் கடையில் நின்றோம், எந்த ஆஸ்பத்திரிக்குப் போனோம் என்று வழிநெடுக யாரும் குறித்துக்கொள்ளலாம். நாம் நான்கு பெயர் வைத்தோம், அது நான்கு முகவரி காட்டியது.

எல்லாப் போனிலும் அந்த வசதியை அணைத்துவிடலாம் என்றார் சேலத்திலிருந்து வந்த டெக்னீஷியன். நாங்களும் தலையாட்டினோம். லூர்துசெல்வி எழுந்தார்.

"வேண்டாமுங்க. நான் போற வர்ற எடமெல்லாம் எவனோ எழுதி வெக்கறதுக்கு, நான் என்ன கூடைங்களா?"

அந்த ஒரு கேள்வி ஊரைத் திருப்பியது! நான்கு பெட்டிக்கும் ஒரே பெயர் வைத்தோம். ஆளுக்கொரு பயனர் பெயர், ஆளுக்கொரு கடவுச்சொல் கொடுத்தோம். ஆளை அறிய இனி முகவரி வேண்டாம் என்று நோட்டை மூடினோம். இதே சிக்கலில்தான் உலகத்துக்கே வைஃபை தரம் எழுதும் அறிஞர்களும் சிக்கினார்கள். அவர்கள் கண்ட வழி என்ன? போன் முகவரியை மாற்றிக்கொண்டே போகட்டும். வைஃபை அதற்கு இரகசியமாய் ஓர் அடையாளம் கொடுக்கட்டும். திரும்பி வரும்போது போன் அதை அந்த வைஃபையிடம் மட்டும் காட்டட்டும். புதிய தரம் இதைத்தான் சொல்கிறது. அவர்கள் மேசையில் கண்டதை, எங்கள் லூர்துசெல்வி பஸ் நிறுத்தத்தில் நின்று கண்டார்!

தேர்வில் தேறினார். தலைவியாக அவர் பெயரை முன்மொழிந்தவர் யார் தெரியுமா? பெரியநாயகம் ஐயா! அன்று உங்களுக்கு எதிராக உயர்ந்த என் கை, தலைவி அவர்களே, ஊரறிய உங்களைக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்கிறது. தலைவி தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்துகிறார். குடித்துவிட்டு உட்காருகிறேன். கேட்ட உங்களுக்கு நன்றி, மலைக்கும் மக்களுக்கும் என் வணக்கம்.